என் கைப்பட்ட வால்வு

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட நானே சொல்வது கௌரவம். கடலுக்கு அடியில் போகிறவர்களுக்கு மூச்சுக்காற்று அடைத்துக் கொடுக்கிற கடையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் கரைக்கு ஓடிவிடுவேன். படகில் ஏற வேண்டி வந்தால் மிதவைச் சட்டை ஒன்றுக்கு இரண்டாக மாட்டிக்கொள்வேன். பயம் ஒரு காரணம். ஒற்றைச் சட்டையின் வார் என் தொப்பையைச் சுற்றி வராது என்பது இன்னொரு காரணம். இரண்டு சட்டைகளின் வார்களையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பது, துறைமுகத்தில் இறக்க மறந்துபோன சரக்கு மூட்டை மாதிரி இருக்கும் என்று எங்கள் படகு ஓட்டுகிற மொட்டை சொல்வான். அவன் சொன்னதில் தப்பில்லை. கண்ணாடியில் நானும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது வால்வைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

கடையின் பின்னறையில் எனக்கு ஒரு மேஜை. ஜன்னல் கிடையாது. ஒரு மூலையில் காற்றடிக்கிற மிஷின், இன்னொரு மூலையில் தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் தொட்டி, நடுவில் நான். கசிகிற சிலிண்டர் வந்தால் முதலில் வால்வில் காதை வைத்துக் கேட்பேன். அதனால் கடையில் எனக்கு டாக்டர் என்று பெயர். கேட்பவர்களுக்கு மரியாதைபோல இருக்கும். அது கிண்டல் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். கூப்பிடுகிறார்கள் அல்லவா, அது போதும்.

கசிவைச் சரிசெய்வது பெரிய வித்தையில்லை. உள்ளே இருக்கிற காற்றை மெதுவாக வெளியே விட வேண்டும். அவசரப்பட்டால் சிலிண்டர் சில்லிட்டு வேர்த்துவிடும். அது சீறி ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். பிறகு வால்வைக் கழுத்திலிருந்து திருகி எடுத்து, பாகம் பாகமாகப் பிரித்து, வினிகரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் பச்சை பிடித்த இடத்தையெல்லாம் தேய்க்க வேண்டும். உள்ளே சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். சுண்டுவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான் அளவு. பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டி, ஒரு பொட்டு கிரீஸ் தடவி, மறுபடி பூட்டி, காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்ப்பேன். குமிழி வராவிட்டால் வேலை முடிந்தது. எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நன்றாகச் செய்துகொடுத்த வேலையில் இதுதான் சங்கடம் மேடம். நன்றாகச் செய்தால் நம்மை மறந்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் குமிழியைத்தான் பிடிக்கும். குமிழி வந்தால்தானே ஆளைத் தேடுவார்கள்.

என் தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நான்தான் வளர்த்தேன். ஜடை பின்னக் கற்றுக்கொண்டேன். ஒரு ஜடை காதுக்கு மேலேயும் இன்னொன்று தோளுக்குக் கீழேயும் தொங்கும். அவள் அப்படியே பள்ளிக்கூடம் போவாள். சோற்றைக் குழைய வடித்துவிடுவேன். அதையும் சாப்பிடுவாள். இருட்டில் பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட "அண்ணா, முழிச்சிருக்கியா?" என்று கேட்பாள். தூங்கிக்கொண்டிருந்தாலும் முழித்திருக்கிறேன் என்பேன். என் பெண்டாட்டி என்று ஒருத்தி வந்திருக்க வேண்டிய வயதெல்லாம் அப்படியே கழிந்தது. தியாகம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. என்னைக் கட்டிக்கொள்ள யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதை அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வளர்ந்ததும் அவளை எங்கள் கடையிலேயே சேர்த்துவிட்டேன். கடலில் போட்டுக்கொள்கிற ரப்பர் உடை கிழிந்து வந்தால் முன்னறையில் உட்கார்ந்து ஒட்டுப்போடுவாள். அங்கேதான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற வேலை அவருக்கு. நல்ல உயரம். எந்நேரமும் விசில். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவருடைய உடை முழங்கையில் கிழிந்தது. ஒட்டினாள். மறுபடி அதே இடத்தில் கிழிந்தது. மறுபடி ஒட்டினாள். ஒரு மனிதருக்கு ஒரே முழங்கை இத்தனை தடவை கிழியுமா என்று நான்தான் யோசிக்கவில்லை. கல்யாணத்தன்று அவரே எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டார், கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டு வந்ததாக. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை நீங்கள் கொஞ்சம் நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் கிழித்தால் காதல். நான் கீறினால் கேஸ்.

அவர்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒரு மாடி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். கூப்பிடு தூரம்தான். ஆனால் யாரும் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் குழாய் புதுசு, ஃபேன் புதுசு, மாப்பிள்ளையும் புதுசு. பழுது என்று சொல்ல அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன். போனால் நன்றாகத்தான் கவனித்துக்கொள்வார்கள். நாற்காலி போடுவார்கள். என் தங்கை எனக்கு நாற்காலி போட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏதோ மீட்டர் பார்க்க வந்தவனுக்குப் போடுவதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். சமையலறையில் யாரும் இல்லை. சட்டைப் பையில் வேலைக்கு வைத்திருக்கிற சின்ன பிளேடு இருந்தது. குழாயின் தலையைக் கழற்றி, உள்ளே இருந்த வாஷரில் ஒரு நூலளவு கீறிவிட்டு, பழையபடி பூட்டிவிட்டு வந்து வெற்றிலை போட்டுக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் அன்றைக்கு எனக்கே தெரியாது. கை தன்பாட்டுக்குச் செய்தது.

இரண்டொரு நாளில் போன் வந்தது.

"அண்ணா, சிங்க் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு. இவரு வேலைக்குப் போயிட்டாரு. வந்து பாக்குறியா?"

பறந்து போனேன் என்று சொல்ல ஆசை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு பறக்க முடியாது, மூச்சிரைக்கப் போனேன். குழாயைப் பார்த்து உச்சுக்கொட்டி, "என்னம்மா, வாஷர் போயிடுச்சே" என்றேன். புதுசு மாட்டினேன். அவள் பக்கத்திலேயே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னப் பிள்ளையில் நிற்பதுபோலவே. நாற்காலி போடவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் காபி குடித்தோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஏதோ ஒரு கெட்ட காலம் வந்தது. மிக்ஸி நின்றது. கதவுத் தாழ்ப்பாள் சிக்கியது. பாத்ரூம் விளக்கு சிமிட்டியது. எல்லாவற்றுக்கும் நான் போனேன். "நீ இல்லாட்டி இந்த வீடு என்னாகும் அண்ணா" என்று ஒருநாள் சொன்னாள். அதைச் சொல்லிக்கொண்டே என் தட்டில் சோறு போட்டாள். அன்றிரவு வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஒரு தடவை அளவு தவறிவிட்டது. துணி துவைக்கிற மிஷினின் குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் தளர்த்திவிட்டேன். சமையலறை முழுக்கத் தண்ணீர். அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. எனக்கு மனசு துடித்துவிட்டது. வலது கை முழுக்க மாவுக்கட்டு, தலை வாரிக்கொள்ளக்கூட முடியவில்லை. கட்டு அவிழ்க்கிறவரை தினமும் காலையில் நான் போய்த்தான் ஜடை பின்னிவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் சமமாகவே வந்தது. என்னைக் கேட்டால் அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். மாவுக்கட்டைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குக் குறை.

மாப்பிள்ளை கெட்டிக்காரர். அவள் விழுந்த பிறகு அவரே வீட்டிலிருந்த ஒவ்வொரு குழாயையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒருநாள் நான் கிளம்பும்போது மாடிப்படி வரை கூட வந்தார். தங்கை உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். ஒரு வாஷர்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"குழாய் ஒழுகாட்டியும் வாங்க. சும்மாவே வாங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு தட்டு வச்சிருக்கா அவ. நாங்க ரெண்டு பேரும் உங்கள எதிர்பார்த்துக்கிட்டுத்தான் இருப்போம்."

அவ்வளவுதான் சொன்னார். வாஷரைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டார்.

அவர் திட்டியிருக்கலாம் மேடம். சட்டையைப் பிடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். சும்மா வா என்று சொல்லிவிட்டார். சும்மா வருகிறவன் விருந்தாளி. ஒரு வேலைக்கென்று கூப்பிட்டு வருகிறவன்தான் வீட்டு ஆள். ஒரே வார்த்தையில் என்னை அந்த வீட்டிலிருந்து அவர் எடுத்துவிட்டார், அதுவும் சிரித்த முகத்தோடு. அப்படித்தான் எனக்குப் பட்டது. இப்போது அதை உங்களுக்குச் சொல்லும்போது வேறு மாதிரி கேட்கிறது. பின்னறையில் ஜன்னல் இல்லாமல் ரொம்ப நாள் உட்கார்ந்தால் காது அப்படி ஆகிவிடும்போல.

கொஞ்ச காலத்தில் அவருக்கு வேறு ஊரில், வேறொரு கடற்கரையில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை கிடைத்தது. தங்கையும் போகிறாள். இரவு வண்டியேறினால் மறுநாள் மதியம்தான் போய்ச் சேர முடியும். சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்தான் பேசினார்.

"நீங்களும் வாங்க மச்சான். அங்கயும் ஒரு பட்டறை இருக்கு. சொல்லி வச்சிருக்கேன்."

"நான் எதுக்கு மாப்பிள்ளை? பெட்டி படுக்கையோட இன்னொரு மூட்டையாவா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகப் பேசுவதில் அந்தச் சௌகரியம் உண்டு. என்ன நினைக்கிறேன் என்று யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

கிளம்புகிற வாரத்தில் அவர் தன்னுடைய மஞ்சள் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

"மச்சான், இதுல உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. திருகுக்கு அடியில. போறதுக்கு முன்னாடி பாத்துக் குடுங்க. உங்க கை பட்டா எனக்கு நிம்மதி."

காதை வைத்துக் கேட்டேன். நிஜமான கசிவு. நான் செய்யாதது. என் குடும்பத்தில் தானாகவே வந்த பழுது இது ஒன்றுதான்.

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். குழாய் விஷயம் தெரிந்த மனிதர் அவர். என் பிளேடு தெரிந்தவர். அப்படியிருந்தும் தன் மூச்சைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு போனார். இதற்கு என்ன பெயர் என்று எனக்கு அன்று தெரியவில்லை. அசட்டுத்தனம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த வால்வை நான் பிரித்துச் சுத்தம் செய்ததுபோல வேறு எதையும் செய்ததில்லை. காற்றை விட்டு, கழற்றி, ஊறவைத்து, மரைக்கு மரை தேய்த்தேன். பித்தளை பளபளவென்று வந்தது. பாத்திரக் கடையில் வைக்கலாம். புது வளையங்களை வரிசையாகத் துணிமேல் வைத்து ஒவ்வொன்றாக மாட்டினேன். கடைசி வளையம் கையில் இருந்தபோது ஒரு யோசனை வந்தது. அந்த ஊரில் என்றைக்காவது இது மறுபடி உஸ்ஸென்று சத்தம் போடும். அங்கே இருக்கிறவன் பார்ப்பான். அவனுக்குச் சரிவராது. மாப்பிள்ளை போன் செய்வார். "மச்சான், இங்க யாருக்கும் கை வரல, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." நான் கிளம்புவேன். தங்கை வாசலில் நிற்பாள்.

அதே பிளேடுதான். ஒரு நூலளவு. அதற்கு மேல் கிரீஸைக் கொஞ்சம் தாராளமாகத் தடவினேன். காற்றடித்துத் தொட்டியில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. குமிழி வரவில்லையே என்று நான் வருத்தப்படாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ரப்பர் எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவர்களை வழியனுப்ப எங்கள் முதலாளி ஒருநாள் பகலுக்குப் படகைக் கொடுத்தார். மொட்டை ஓட்டினான். தங்கை, மாப்பிள்ளை, நான். சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டோம். கடலுக்குள் இறங்குகிற யோசனையே கிடையாது, சும்மா சுற்றிவிட்டு வருவதாகத்தான் பேச்சு. ஆனால் படகில் ஏறியதும் பின்பக்கத்தில் மஞ்சள் சிலிண்டர் கட்டியிருந்ததைப் பார்த்தேன். பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டாராம். இது எதற்கு இன்றைக்கு, இறக்கி வையுங்கள் என்று சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. கரை கண்ணுக்கு மறைகிறவரை இருந்தது. நான் என் இரண்டு மிதவைச் சட்டைகளின் வார்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பிடிக்கிற வேலை அது.

முன்னொரு காலத்தில் மூழ்கிய கப்பல் கிடக்கிற இடத்தில் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டோம். கிளம்பும்போது நங்கூரம் வரவில்லை. மொட்டை இழுத்துப் பார்த்தான், படகை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. "கப்பல்ல எங்கயோ மாட்டிக்கிச்சு" என்றான். மாப்பிள்ளை அதற்குள் உடையை மாட்ட ஆரம்பித்துவிட்டார். தனியாக இறங்கக் கூடாது என்பது முறை. இறங்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. "அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

தங்கைக்கு மனசில்லை. "கயித்த அறுத்து விட்டுட்டுப் போயிடலாமே" என்றாள்.

நான் சொன்னேன்: "வால்வு என் கைப்பட்டதும்மா. அவரு தைரியமாப் போயிட்டு வருவாரு."

"அப்ப சரி" என்றாள்.

முன்பு கொடுத்த வாக்குமூலத்தில், குமிழியைப் பார்த்தவுடனேயே, படகில் எப்போதும் வைத்திருக்கிற அவசர சிலிண்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன் என்று சொல்லியிருந்தேன். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது.

கீழே இருப்பவர் மூச்சு விடும்போது குமிழி கொத்தாக மேலே வரும். இழுக்கும்போது நிற்கும். கொத்து, இடைவெளி, கொத்து, இடைவெளி. மேலிருந்து பார்த்தாலே ஆள் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் அப்படித்தான் வந்தது. பிறகு இடைவெளி நின்றுவிட்டது. உலை கொதிப்பதுபோல வெள்ளையாகப் பொங்கி வந்தது. சத்தம்கூடக் கேட்டது. எனக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது. வளையம் பிதுங்கிவிட்டது. காற்று அவருக்குப் போகாமல் கடலுக்குப் போகிறது. நங்கூரக் கயிறு வெட்டி வெட்டி இழுபட்டது. கப்பலைச் சுற்றிக் கிடக்கிற ஏதோ பழைய வலையில் அவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், அறுத்துக்கொண்டு மேலே வர மூச்சு போதவில்லை, அதனால் இழுக்கிறார். அதுவும் புரிந்தது. அவசர சிலிண்டர் என் காலடியில் இருந்தது. கயிறு கட்டித் தயாராக. அதை இறக்குவது ஒன்றுதான் அந்தப் படகில் என்னுடைய வேலை.

மொட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், என்ன இது? அத இறக்கிடலாமா?" என்றான்.

"நங்கூரத்த அசைக்கிறாரு. நீ இன்ஜின் பக்கம் இரு" என்றேன்.

தங்கை வந்து என் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "என்ன அண்ணா இவ்வளவு குமிழி?"

"ஒண்ணுமில்லம்மா. வேலை செஞ்சா மூச்சு வாங்கும்."

அவள் என்னை நம்பினாள். ஆனால் முகம் வெளுக்கத் தொடங்கியது. அதை நான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பயப்படட்டும் என்று இருந்தேன் மேடம். கொஞ்சம்தான். பயந்தால் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் நான் சிலிண்டரை இறக்குவேன், அவர் மேலே வருவார், இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கேயும் போக வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். யாரையும் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான்.

குமிழி மெலிந்துகொண்டே வந்தது. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு மிதவைச் சட்டைகள் இருந்ததால் அது எனக்கு மெத்தையைத் தட்டுவதுபோலத்தான் தெரிந்தது.

"அண்ணா, நீ ஏதாவது பண்ணு அண்ணா. அண்ணா."

இருட்டில் பாத்ரூம் போகக் கூப்பிடுவாளே, அந்தக் குரல். எத்தனை காலமாயிற்று கேட்டு. உடனே எழுந்தேன். சிலிண்டரைத் தூக்கி, கயிறு சிக்காமல், பிடி மாற்றி மாற்றி, பாடத்தில் உள்ளபடி இறக்கினேன். அவ்வளவு நேர்த்தியாக அதை யாரும் செய்திருக்க முடியாது. அதற்குள் நங்கூரக் கயிறு இழுபடுவதை நிறுத்தியிருந்தது. என் கயிற்றையும் யாரும் பிடிக்கவில்லை.

மொட்டை ரேடியோவில் கத்தி வேறு படகுகளை வரவழைத்தான். அவரை மேலே கொண்டுவந்தபோது கால் நிறைய வலை சுற்றியிருந்தது. கையில் கத்தி அப்படியே இருந்தது. பாதிக்கு மேல் அறுத்திருந்தார். சீக்கிரம் வேலை செய்கிறவர்.

எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். முதலாளி கட்டிப்பிடித்துக்கொண்டார். நீச்சல் தெரியாத மனுஷன் கடைசிவரை போராடினான் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பழைய வலை, பழைய கப்பல், முறை மீறித் தனியாக இறங்கினார், விபத்து. அப்படித்தான் நீங்களும் முடிக்க இருந்தீர்கள். மொட்டைகூடத் தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.

தங்கை அந்த மாடி வீட்டிலேயே இருந்தாள். கட்டி வைத்த பெட்டிகளைப் பிரிக்கவில்லை. நான் தினமும் போனேன். சமைத்து வைத்தேன். அவள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். கொஞ்ச நாள் போனது. பிறகு நான் வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார்கள் என்றாள். உனக்கு எதற்கு அலைச்சல் என்றாள்.

அன்றைக்குக் கை கழுவப் போனவன் குழாயின் தலையைக் கழற்றி, மறுபடி வாஷரைக் கீறிவிட்டேன். பழக்கதோஷம் என்று இதைத்தான் சொல்வார்கள்போல. புத்தி இருக்கிறவன் செய்வானா.

அவள் என்னைக் கூப்பிடவில்லை. தானே கழற்றிப் பார்த்திருக்கிறாள். வாஷர் மாற்ற மாப்பிள்ளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. மாடிப்படியில் என்னிடம் காட்டிய வாஷரை அவர் அவளிடமும் காட்டியிருக்கிறார். "உங்க அண்ணனோட பாசம் இது, அவருகிட்ட கேட்டுடாத, சங்கடப்படுவாரு" என்று சொல்லியிருக்கிறார். அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, என் தட்டில் சோறு போட்டபோதெல்லாம், எனக்காகத் தெரியாததுபோல நின்றிருக்கிறாள். அதை நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. என் சாமர்த்தியத்தைப் பற்றி நான் கொஞ்சம் உயர்வாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாஷரோடு அவள் நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்கள் எடுத்துவைத்திருந்த வால்வைப் பிரித்திருக்கிறீர்கள். இரண்டு ரப்பரையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினீர்கள். வளையம் பாதி கிழிசல்தான், ஆனால் கிழிசல் தொடங்குகிற இடத்தில் சுத்தமான கீறல். இரண்டும் ஒரே கையா என்று கேட்டீர்கள். இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நேராக, அவ்வளவு நூலளவாக இந்த ஊரில் வேறு யாருக்கும் கீறத் தெரியாது மேடம். தொழிலுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆமாம், நான்தான். வளையத்தைக் கீறியதும் நான்தான், அவசர சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவள் சொல்லி அனுப்பியதாகச் சொன்னீர்கள். சொல்வாள். சின்னதிலிருந்தே கோபம் வந்தால் அப்படித்தான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள், விடிந்தால் பழையபடி வந்து நிற்பாள். நாள் ஆகட்டும். இந்த இடத்தின் போன் நம்பரை மட்டும் அவளிடம் கொடுத்துவையுங்கள். கூப்பிடுவாள். இப்போது என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?